பாலிஷ், வேக்ஸ், செராமிக்: கார் பெயிண்ட்டைத் தேய்ப்பது எது, காப்பது எது?

புதிய கார் எடுக்கும்போது ஷோரூமில் நீட்டப்படும் தாளில், இன்சூரன்ஸுக்கும் ஃப்ளோர் மேட்டுக்கும் நடுவே 'பெயிண்ட் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருக்கும். டெஃப்லான், செராமிக், கிராஃபீன், பிபிஎஃப் என்று அதற்குப் பல பெயர்கள். சில ஆயிரத்தில் தொடங்கும் விலை, லட்சத்தைத் தாண்டியும் போகும். பிறகு வாட்டர் வாஷுக்கு விடும்போதெல்லாம், 'பாலிஷ் போட்டுவிடலாமா?' என்று கேட்பார்கள். எல்லாமே காரைப் பளபளப்பாக்குவதால், இவை ஒரே வேலையின் மலிவான வகையும் விலை கூடிய வகையும்தான் என்று வாங்குபவர் எண்ணிவிடுகிறார். உண்மையில் இவற்றுள் ஒன்று பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. மற்றவை அதன் மேல் ஒரு படலத்தைச் சேர்க்கின்றன.

குழப்பத்தில் பாதி 'பாலிஷ்' என்ற சொல்லில் இருக்கிறது. ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது தோலின் மேல் மெழுகு ஏறுகிறது. நகைக்கடையில் பழைய வளையலுக்குப் பாலிஷ் போடும்போது தங்கம் இம்மியளவு தேய்கிறது. அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் நகையை அடிக்கடி பாலிஷுக்குக் கொடுக்க விடுவதில்லை. காருக்குப் போடும் பாலிஷ் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது நுண்ணிய உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்கிறது. பாலிஷ் போட்டதனால் மட்டும் வெயிலிலிருந்தோ பறவை எச்சத்திலிருந்தோ பெயிண்ட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

பெயிண்ட் எவ்வளவு தடிமன்?

தேய்வதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது, தேய்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் விளங்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில், இரும்புத் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும்.

1. மின்பூச்சு. கார் உடலை முழுவதுமாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படியவைக்கும் துருத்தடுப்பு அடுக்கு. சுமார் 20 மைக்ரான்.
2. பிரைமர். மேற்பரப்பைச் சமன் செய்து, அடுத்த அடுக்குக்குப் பிடிப்புத் தரும். சுமார் 30 முதல் 40 மைக்ரான்.
3. பேஸ் கோட். நாம் பார்க்கும் நிறம் இதில்தான் இருக்கிறது. சுமார் 12 முதல் 20 மைக்ரான்.
4. கிளியர் கோட். நிறமற்ற, கண்ணாடி போன்ற மேலடுக்கு. பளபளப்பு இதனுடையது. சுமார் 35 முதல் 50 மைக்ரான்.

எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான் வரும். ஜெராக்ஸ் கடையில் பயன்படுத்தும் ஒரு ஏ4 தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமன் கொண்டது. ஆக, காரின் மொத்தப் பெயிண்ட்டும் ஒரு தாளின் தடிமனை ஒட்டியது. அதில் நாம் தொடவும் தேய்க்கவும் முடிகிற கிளியர் கோட் அரைத் தாள் அளவுகூட இல்லை.

பளபளப்பு தருவதோடு இந்த அரைத் தாள் இன்னொரு வேலையும் செய்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் இதனுள் கலக்கப்பட்டிருப்பதால், கீழே இருக்கும் நிறம் வெளுக்காமல் காக்கப்படுகிறது. பழைய கார்களின் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டுகளாகத் தோல் உரிவதைப் பார்த்திருப்போம். கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம் அது. அந்த நிலைக்கு வந்த பகுதியை எந்தப் பாலிஷாலும் வேக்ஸாலும் மீட்க முடியாது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

பழைய கார்களிலும் சில வணிக வாகனங்களிலும் கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட் இருக்கும். வெளியே தெரியாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால், துணியில் காரின் நிறம் ஏறினால் அது ஒற்றை அடுக்கு.

பளபளப்பு எப்படிப் போகிறது

மேற்பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பிவரும். கண்ணுக்கு அது ஆழமான பளபளப்பாகத் தெரியும். சிறு கீறல்களும் குழிகளும் இருந்தால் ஒளி நாலாபுறமும் சிதறும். நிறம் மங்கிப் பால் படர்ந்தது போல் ஆகும். ஆகவே பெயிண்ட் 'மங்கிவிட்டது' என்று சொல்லும்போது, நான்கு வேறு கோளாறுகளில் எதைச் சொல்கிறோம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சுழல் கீறல்கள். வெயிலிலோ பெட்ரோல் பங்கு விளக்கின் கீழோ பார்த்தால், ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிபவை. யாரோ வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று இவற்றைச் சொல்வதுண்டு; அது சரியல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. அவற்றுள் ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால், கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன. நேர்கோட்டில் துடைத்தாலும் தூசி இருந்தால் இந்த வலை உருவாகும்.

இரண்டாவது, அரிப்பு. காகமும் புறாவும் இடும் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயிண்ட் சூடேறி இளகியிருக்கும்போது எச்சம் காய்ந்து சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தின் வடிவத்தைக் கிளியர் கோட்டும் வாங்கிக்கொண்டு இறுகிவிடுகிறது. கழுவிய பிறகும் மங்கலான தழும்பு தெரிவது இதனால்தான். நசுங்கிய பூச்சிகளும் மரப்பிசினும் இதே வகையில் கெடுப்பவை.

மூன்றாவது, தண்ணீர்த் தழும்பு. சென்னையின் கடற்கரையோரப் பகுதிகளிலும், தமிழகத்தின் பல ஊர்களிலும் போர் தண்ணீர் கடினமானது. அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் நீர் ஆவியான பிறகு வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடுகின்றன. புதிதாக இருந்தால் தண்ணீர் கலந்த வினிகர் கரைத்துவிடும். பல மாதங்கள் வெயிலில் சுட்டுப்போனால் கீழே குழி விழுந்திருக்கும்.

நான்காவது, பதிந்துபோன அழுக்கு. பிரேக்கிலிருந்தும் ரயில் பாதையிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள், கட்டுமான இடத்தின் சிமெண்ட் தூசி, தார் ஆகியவை. கழுவிய காரின் மேல் பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் மணல் போல நெருடும்.

இந்த நான்கில் கடைசிக்குப் பாலிஷ் தேவையே இல்லை; பதிந்த அழுக்கைப் பிடித்து இழுப்பதற்கென்றே கார் கடைகளில் 'கிளே பார்' என்று விற்கும் களிமண் கட்டி போதும். புதிய தண்ணீர்த் தழும்புக்கும் தேவையில்லை. சுழல் கீறலுக்கும் அரிப்புக் குழிக்கும் மட்டுமே பாலிஷ் மருந்து. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படுகிற ஆழமான கோடு, பாலிஷின் எல்லையைத் தாண்டியது. அதை முழுதாக எடுக்க முயன்றால் கிளியர் கோட்டையே இழக்க நேரிடும்.

பாலிஷ் உண்மையில் செய்வது

கீறலைப் பாலிஷ் அடைப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பெயிண்ட்டைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்கிவிடுகிறது. மூன்று மைக்ரான் ஆழமுள்ள கீறல் மறைய வேண்டுமானால், அந்தப் பகுதி முழுவதும் மூன்று மைக்ரான் தேய வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

தேய்ப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு தூள். துகளின் பருமனைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. பரும்துகள் கொண்டது காம்பவுண்ட், நம் ஊர்க் கடைகளில் ரப்பிங் காம்பவுண்ட். அது ஆழமான கீறலை எடுத்து, தன் பங்குக்கு ஒரு மெல்லிய மங்கலை விட்டுச்செல்லும். நடுத்தரத் துகள் கொண்டது பாலிஷ். மிக நுண்ணியது ஃபினிஷிங் பாலிஷ். மரவேலையில் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லியதில் முடிப்பதைப் போன்ற வரிசை இது. காம்பவுண்டோடு நிறுத்திவிட்டால் கறுப்புக் காரில் வெயில் படும்போது புகை போன்ற கோடுகள் தெரியும். தொழிலில் இதை ஹோலோகிராம் என்பார்கள்.

துகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, தேய்க்கத் தேய்க்கத் தானும் நொறுங்கி மெல்லியதாகும். இதைப் பாதியில் நிறுத்தக்கூடாது, துகள் முழுதாக உடையும்வரை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பரும்துகள் போட்ட கோடுகளே மிஞ்சும். மற்றது, முதலிலிருந்து கடைசிவரை ஒரே பருமனாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் எது என்று பெரும்பாலும் தெரியும். பயன்படுத்தும் முறை இதைப் பொறுத்தே மாறுகிறது என்பதால், ஒரு பாலிஷுக்குப் பழகிய கை இன்னொன்றில் சறுக்குவது உண்டு.

இனி கணக்குக்கு வருவோம். மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் ஒருமுறை போட்டால் தேய்வது பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. காம்பவுண்டும் பாலிஷும் சேர்த்து முறையாக ஒருமுறை செய்தால் இரண்டு முதல் நான்கு மைக்ரான் வரை போகலாம். காரின் வாழ்நாள் முழுவதற்கும் கிளியர் கோட்டில் சுமார் எட்டு மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. அப்படியானால் முழுமையான காம்பவுண்ட் வேலை ஒரு காருக்கு இரண்டு முதல் நான்கு முறைக்கு மேல் கிடைக்காது. இந்த இருப்பிலிருந்து எடுக்கலாமே தவிர, திரும்பப் போட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரப்பிங் செய்து காரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நினைப்பவர், அந்தக் காரைக் கழுவாமலேயே விட்டவரைவிட விரைவில் பெயிண்ட் கடை வாசலில் நிற்க நேரிடலாம்.

இதற்கு நேர்மாறான இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பிகளும் அதிகம் கலந்திருக்கும். அவை கீறலுக்குள் புகுந்து, ஒளி சிதறாமல் தற்காலிகமாக மறைக்கின்றன. கார் கடையை விட்டு வரும்போது கண்ணாடியாக இருக்கும். இரண்டு, மூன்று வாஷில் எல்லாக் கோடுகளும் திரும்பி வந்துவிடும். பாலிஷ் முடிந்த இடத்தில், தண்ணீர் கலந்த ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்துப் பார்த்தால் எண்ணெய் விலகி உண்மை நிலை தெரியும். காசு கொடுத்துச் செய்விப்பவர் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லலாம். நேர்மையாகத் தொழில் செய்பவர் தயங்கமாட்டார்.

மேலே சேர்ப்பவை

தேய்த்துச் சமன் செய்த பரப்பு இப்போது வெறுமையாக இருக்கிறது. அதன் மேல் பூசும் படலம்தான் அமிலத்தையும் உப்பையும் அழுக்கையும் முதலில் தாங்குகிறது; பெயிண்ட் தேய்வதற்குப் பதில் அது தேய்கிறது.

கார்னோபா வேக்ஸ்: பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில், வறட்சியில் நீர் ஆவியாகாமல் தடுக்கப் படியும் மெழுகு. தூய நிலையில் 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் அந்த நிலையில் அது கல்லைப் போன்றது, கையால் பூச முடியாது. கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்தே டப்பாவில் வருகிறது என்பதால், அந்தக் கலவை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகும். மே மாதத்தில் வெயிலில் நிற்கும் கறுப்பு காரின் பானெட் 70 டிகிரியைத் தாண்டலாம் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், குளிர்நாடுகளில் சில மாதம் நிற்கும் வேக்ஸ் இங்கே சில வாரங்களில் ஏன் போய்விடுகிறது என்பது விளங்கும். பளபளப்பின் குளுமையில் இதற்கு இணை இல்லை என்பவர்கள் பலர். பாதுகாப்புக்காக வாங்குவதானால் நம் வெயிலுக்கு இது தோதல்ல.

சீலண்ட்: செயற்கைப் பாலிமர்களால் ஆனது. பூசுவது வேக்ஸைப் போலவே எளிது. சில மாதங்கள் நிற்கும். வீட்டில் தாமே செய்துகொள்பவருக்கும், திறந்தவெளியில் கார் நிறுத்துபவருக்கும் செலவுக்கேற்ற பலன் தருவது இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. பெயர் கவர்ச்சியாக இல்லாததால் ஷோரூமில் இதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

செராமிக் கோட்டிங்: சிலிக்கா சார்ந்த வேதிப்பொருள்கள் கரைப்பானில் கலந்த திரவம். பூசியதும் காற்றின் ஈரப்பதத்தோடு வினைபுரிந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இறுகி, பெயிண்ட்டோடு ஒட்டிக்கொள்கிறது. கழுவினால் போகாது, முறையாகப் போட்டால் ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலோ நிற்கும். எடுக்க வேண்டுமானால் மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைப் பற்றி மூன்று விஷயங்களை விற்பவர்கள் தெளிவாகச் சொல்வதில்லை.

1. தடிமன். இறுகிய படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானை ஒட்டியது. லாரிச் சக்கரம் எறியும் கல்லையோ, பைக்கின் கைப்பிடி உரசுவதையோ இது தடுக்காது.
2. '9எச்' என்ற எண். இது வைரத்துக்குப் பத்து, கோமேதகத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் மோஸ் அளவுகோல் அல்ல. 9எச் என்பது பென்சிலின் கடினம். குறிப்பிட்ட கோணத்தில் பென்சிலை அழுத்தி இழுத்து, படலம் கீறுகிறதா என்று பார்க்கும் சோதனை. இந்தச் சோதனைக்குப் பொதுவாகப் பயன்படும் பென்சில் தொகுப்பில் மிகக் கடினமானது 9எச். அந்தப் பென்சில் கீறவில்லை என்பதற்கும், சாலை மணல் கீறாது என்பதற்கும் தொடர்பில்லை. மணலில் உள்ள குவார்ட்ஸ் பென்சில் முனையைவிட எவ்வளவோ கடினமானது.
3. தண்ணீர் முத்து. செராமிக் பரப்பில் நீர் உருண்டையாக நிற்பதைக் காட்டித்தான் விற்பனை நடக்கிறது. உருளும் நீர் அழுக்கைக் கொண்டுபோகும் என்பது உண்மைதான். ஆனால் உருளாமல் நின்றுவிட்ட முத்து, பரவிய நீரைவிடக் கெடுதல் செய்யும். அதிலுள்ள உப்பு முழுவதும் ஒரு சிறு வட்டத்துக்குள் குவிந்து காய்கிறது. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், பல ஆயிரம் கொடுத்துக் கோட்டிங் போட்ட காரில்தான் வளையங்கள் அழுத்தமாக விழும்.

டெஃப்லான் கோட்டிங்: தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே பொருளின் பெயர். அந்தப் பொருள் உருகுவது 327 டிகிரியில். பாத்திரத் தொழிற்சாலையில் உலையில் சுட்டுத்தான் அதைப் பிடிக்க வைக்கிறார்கள். ஷோரூமின் பின்கட்டில் துணியால் பூசும்போது அப்படி எதுவும் நிகழ வழியில்லை. அந்தப் பூச்சு தரும் வழவழப்பு, கூடவே கலந்திருக்கும் மெழுகும் பாலிமரும் தருவது. அதை சீலண்ட் விலைக்கு வாங்குவதே முறை.

கிராஃபீன் கோட்டிங் என்று விற்பவை பெரும்பாலும், செராமிக் திரவத்தில் சிறிதளவு கிராஃபீன் ஆக்சைடு கலந்தவை. அடிப்படை வேலை செராமிக்கினுடையதே.

பிபிஎஃப் என்பது திரவம் அல்ல, ஒட்டும் ஃபிலிம். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் தாள். அதாவது காரின் மொத்தப் பெயிண்ட்டையும் விடத் தடிமனானது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் இறக்கைகளை மணல் அரிப்பிலிருந்து காக்கப் பயன்பட்ட ஃபிலிம்தான் இதன் முன்னோடி. கல் அடிக்குத் தாங்குவது இந்தப் பட்டியலில் இது ஒன்றே. விலை மிக அதிகம் என்பதால், நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் கார்களுக்கு முன்பம்பர், பானெட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டுவது போதுமானது. தாள் டிபியு எனப்படும் பாலியூரித்தேன் வகையா, அந்தப் பெயரில் விற்கும் பிவிசி பிளாஸ்டிக் வகையா என்று கேட்க வேண்டும். மலிவான பிவிசி விரைவில் மஞ்சளாகி விறைத்துப்போகும்.

எந்தக் காருக்கு எது

1. புதிய கார்: காம்பவுண்ட் தேவையில்லை. யார்டில் தூசியோடு துடைத்ததால் மெல்லிய கோடுகள் இருந்தால் ஃபினிஷிங் பாலிஷ் ஒருமுறை, பிறகு பாதுகாப்புப் படலம். டெலிவரிக்கு முன் ஷோரூமில் 'பாலிஷ் போட்டுத் தருகிறோம்' என்றால் வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது நல்லது. அவசரத்தில் சுழலும் இயந்திரத்தால் செய்யப்படும் வேலை, இல்லாத கோடுகளை உண்டாக்கும்.
2. வெள்ளை, வெள்ளி நிறக் கார்கள்: சுழல் கீறல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத கீறலுக்காகப் பெயிண்ட்டைத் தேய்ப்பானேன்? அழுக்கை எடுத்து சீலண்ட் பூசினால் போதும்.
3. கறுப்பு, அடர்நீலம், அடர்சிவப்பு: எல்லாம் தெரியும். ஒருமுறை செம்மையாகத் திருத்தி, செராமிக் போட்டு, பிறகு இயன்றவரை தேய்க்காமல் காப்பது சிக்கனம்.
4. விபத்துக்குப் பிறகு டிங்கரிங், பெயிண்டிங் செய்த பாகம்: தொழிற்சாலையில் பெயிண்ட்டை 140 டிகிரியை ஒட்டிச் சுடுகிறார்கள், பிளாஸ்டிக்கும் வயரும் உள்ள காரை அப்படிச் சுட முடியாது என்பதால் பணிமனையில் 60 டிகிரி அளவிலேயே உலர்த்துகிறார்கள். உள்ளே மிஞ்சிய கரைப்பான் மெல்ல வெளியேற வேண்டும். ஒன்று முதல் மூன்று மாதம் வரை வேக்ஸோ கோட்டிங்கோ போட்டு அதை அடைக்கக்கூடாது.
5. மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயிண்ட்): பாலிஷும் வேண்டாம், வேக்ஸும் வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிரந்தரத் திட்டாக நின்றுவிடும்.

செய்முறை

காலையில் நிழலில், உலோகம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்க வேண்டும். சூடான பானெட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பிசுபிசுக்கும்.

1. தண்ணீர் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை முதலில் இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பூ. இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசச் சுத்த நீர். மேலிருந்து கீழாகக் கழுவி, சக்கரப் பகுதியைத் தனித் துணியால் கடைசியில் முடிக்க வேண்டும்.
2. இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால், துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். காயவிடாமல் கழுவிவிட வேண்டும்.
3. களிமண் கட்டியை ஷாம்பூ நீர் தெளித்து வழுக்கலாக ஓட்ட வேண்டும். அழுத்தம் தேவையில்லை. கட்டி கீழே மண்ணில் விழுந்தால் எவ்வளவு விலையானாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும்.
4. கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரம், பேட்ஜ், கூரான விளிம்புகள் ஆகியவற்றின் மேல் பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப். விளிம்பில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியது. அடிவரை தேய்ந்துபோவது பெரும்பாலும் அங்கேதான்.
5. சோதனை இடம். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில், கையிலிருப்பதில் மிக மெல்லிய பாலிஷை, மென்மையான பஞ்சுப் பேடோடு முயல வேண்டும். கீறல் போகாவிட்டால் மட்டுமே ஒரு படி முரட்டானதற்குப் போகலாம். ஒவ்வொரு தயாரிப்பாளரின் கிளியர் கோட்டும் ஒரு கடினம் என்பதால், இன்னொரு காரில் பலித்தது இதிலும் பலிக்கும் என்று தொடங்கக்கூடாது.
6. பேடில் பட்டாணி அளவில் மூன்று, நான்கு துளி. சோதனை இடத்தின் அளவுள்ள கட்டம் கட்டமாக, ஒருமுறை நெடுக்கில், ஒருமுறை குறுக்கில், முந்தைய தடத்தில் பாதியை மூடும்படி மெல்ல நகர்த்த வேண்டும். நான்கு முதல் ஆறு சுற்று போதும்.
7. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஆல்கஹால் கலவையால் எண்ணெய் நீக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, அடுத்த கட்டம்.
8. எல்லாம் முடிந்தபின் படலம். வேக்ஸும் சீலண்ட்டும் எவ்வளவு மெல்லியதாகப் பூசினாலும் போதும். தடிமனாகப் பூசுவது துடைக்கும் வேலையைத்தான் கூட்டும். செராமிக்கை ஈரடிக் கட்டங்களாகப் பூசி, வானவில் போல நிறம் மின்னத் தொடங்கியதும் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். தாமதித்தால் திட்டாக இறுகிவிடும். அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான். பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரம் ஷாம்பூ கூடாது.

கையால் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் மட்டுமே குறையும். இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வேகமாக வெட்டும், ஓரிடத்தில் சற்று நின்றாலும் சூடேற்றிப் பெயிண்ட்டைக் கருக்கிவிடும். சுழன்றுகொண்டே ஆடும் டிஏ வகை மெதுவானது, தவறை மன்னிப்பது. முதல்முறை செய்பவருக்கு இதுவே. வெளியே கொடுப்பதானால், தடிமன் அளவிடும் கருவியால் முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லலாம். பானெட்டில் 110 மைக்ரான், பக்கத்துக் கதவில் 250 என்று வந்தால் அந்தக் கதவு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது. பழைய கார் வாங்குபவருக்கும் இந்தக் கருவி உதவும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது, ஏனெனில் அது கீழே உள்ள உலோகத்தை வைத்தே அளக்கிறது.

பிறகு

பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் வேக்ஸை எடுத்துவிடும். பளபளப்புக்காக மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது வேக்ஸைக் கரைத்துவிட்டு, தூசி ஒட்டும் எண்ணெய்ப் பசையை விட்டுச்செல்கிறது. ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துவது நல்ல எண்ணம்தான் என்றாலும், அதில் உப்பு குழாய் நீரைவிடக் கூடுதலாக இருக்கும்; துளியும் காயவிடாமல் துடைத்துவிட வேண்டும். மாறாக, ஏசி வடிக்கும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு வாளி சேர்த்துக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தினால் தழும்பே விழாது. எச்சம் விழுந்தால் சுரண்டாமல், நனைத்த துணியைச் சில நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவைத்துத் தூக்க வேண்டும்.

படலம் இருக்கிறதா என்று அறிய, கழுவிய காரில் தண்ணீரை விட்டுப் பார்த்தால் போதும். உருண்டு ஓடினால் இருக்கிறது. பாய் விரித்தாற்போல் பரவி நின்றால், முதலில் நன்றாக ஒருமுறை ஷாம்பூ போட்டுப் பார்க்க வேண்டும், அழுக்கு மூடியதாலும் அப்படி நிற்கும். அதன் பிறகும் பரவினால் மறுபடி சீலண்ட் பூசும் நேரம். அதற்காகப் பாலிஷ் தேவையில்லை.

சுழல் கீறல்களில் பெரும்பகுதி சாலையில் உண்டாவதில்லை. அதிகாலையில் அபார்ட்மெண்ட் வாசலில், ஒரே வாளித் தண்ணீரில் நான்கைந்து கார்களைத் துடைக்கும் ஒரே துணியால் உண்டாகிறது. இரவில் படிந்த தூசியை உலர்ந்த துணியாலோ ஈரம் குறைந்த துணியாலோ இழுப்பது, உப்புத்தாளால் இழுப்பதற்குச் சமம். தூசி படிந்த காரின் மேல் துணிக் கவர் போட்டுக் காற்றில் உரசவிடுவதும் அதே வேலையைச் செய்யும். மாதச் சம்பளத்துக்குத் துடைப்பவரிடம், தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும், வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்று சொல்லி, அதே சம்பளத்தைக் கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.